விரல் அசைந்தது, தொடை தூங்கிக்கொண்டிருந்தது

அதிகாலை நாலரை மணி. நான் கண் விழித்துப் பார்த்தபோது அம்மா கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். முந்தைய நாள் மதியம்தான் இடது முழங்கால் மூட்டை மாற்றியிருந்தார்கள். "பாத்ரூம் போகணும்டி. பெட் பேன் எல்லாம் வேண்டாம். எனக்கு வலியே இல்லை, அந்த வாக்கரை மட்டும் இப்படி நகர்த்து" என்றாள்.

எனக்கும் அதில் தப்பு ஏதும் தெரியவில்லை. இரவு பத்து மணிக்கு நர்ஸ் வந்து, "ஆன்ட்டி, தர்த் ஹை க்யா?" என்று, வலி இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். "நஹி" என்றாள் அம்மா. பத்துக்கு எத்தனை என்றதற்கு ஒரு விரலைக் காட்டினாள். கால் விரலை அசைக்கச் சொன்னாள் நர்ஸ். அசைத்தாள். பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொன்னாள். அதையும் அழகாக ஆட்டினாள். முதுகில் போட்ட ஊசியின் மரப்பு விட்டுவிட்டது, கால் விழித்துக்கொண்டது என்று நினைத்து நான் நிம்மதியாகப் படுத்தேன்.

அம்மா வாக்கரைப் பிடித்து எழுந்தாள். நன்றாகவே நின்றாள். ஓர் அடி வைக்க வலது காலைத் தூக்கினாள். அந்த நொடியில் இடது முழங்கால், யாரோ பின்னாலிருந்து தட்டிவிட்டது போல மடங்கியது. அவள் 'ஐயோ' என்றுகூடச் சொல்லவில்லை. கால் மடங்குவது அவளுக்கே தெரியவில்லை. நான் அக்குளுக்கு அடியில் கை கொடுத்துத் தாங்கப் பார்த்தேன். முடியவில்லை. இரண்டு பேருமாகத் தரையில் சரிந்தோம். கட்டுத் துணியில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உள்ளங்கை அளவானது.

காலையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புக்கும் புது மூட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிரிந்த தையலில் மூன்றை மறுபடி போட்டார்கள். "கூட இருக்கிறவங்க கவனமா இருந்திருக்கணும்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். எதைக் கவனித்திருக்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, அதற்கு முன்னால் வேறு யாரும் சொல்லவில்லை. இது நடந்தது 2014இல், மும்பையில். அம்மாவுக்கு அப்போது 67 வயது.

இதை இத்தனை வருடம் கழித்து எழுத ஒரு காரணம் இருக்கிறது. நாங்கள் இருக்கும் செம்பூரில், எங்கள் கட்டடத்திலேயே அதற்குப் பிறகு நாலைந்து பேர் முழங்கால் மாற்றிக்கொண்டார்கள். மாட்டுங்காவில் இருக்கும் சித்தி வீட்டுப் பக்கம் கேட்கவே வேண்டாம். எல்லோரும் எந்த கம்பெனி மூட்டு, எவ்வளவு செலவு, எத்தனை நாள் ஆஸ்பத்திரி என்று விவரமாகப் பேசிக்கொள்கிறார்கள். ஊசியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "மரத்துப்போக ஏதோ போட்டாங்க" என்பதோடு சரி. அந்த 'ஏதோ'தான் என் அம்மாவை விழவைத்தது.

அன்றைக்கு அம்மாவுக்குப் போட்டது இரண்டு ஊசி. ஒன்று முதுகுத்தண்டில். அதுதான் இடுப்புக்குக் கீழே மொத்தமும் மரத்துப்போக. அது சில மணி நேரத்தில் விட்டுவிடும். இன்னொன்று இடது தொடை ஆரம்பிக்கும் இடத்தில், இடுப்பு மடிப்பில். அங்கே மெல்லிய குழாய் ஒன்றை வைத்து ஒட்டி, பந்து போலிருந்த ஒரு சின்னப் பாட்டிலோடு இணைத்திருந்தார்கள். அதிலிருந்து மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கும். அம்மா அதைப் பற்றி அன்று இரவு ஒரு விஷயம் சொன்னாள். "இங்க ஊசி வச்சு என்னமோ கரண்ட் கொடுத்தாங்க. என் முட்டிச் சில்லு தானா துள்ளுச்சு பாரு, மீன் துள்ளுற மாதிரி." நான் கேட்டுச் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அந்தத் துள்ளலுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 2016இல் வலது முழங்காலுக்கும் நேரம் வந்தது. வேறு ஆஸ்பத்திரி. முதல் நாள் பார்க்க வந்த மயக்க மருந்து டாக்டர் கோயம்புத்தூர்க்காரர், எங்களோடு தமிழிலேயே பேசினார். முதல் தடவை நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். முட்டிச் சில்லு துள்ளியதையும் சொன்னேன். அவர் எக்ஸ்ரே கவரைத் திருப்பிப்போட்டு அதன் மேல் ஒரு காலை வரைந்தார்.

இடுப்பு மடிப்பில் விரல் வைத்தால் நாடி துடிக்கும் இடம் ஒன்று உண்டு. அது தொடைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய். அதற்குச் சற்று வெளிப்பக்கமாக இறங்குவது ஃபெமரல் நரம்பு. இடுப்புப் பகுதியின் இரண்டாம், மூன்றாம், நான்காம் தண்டுவட நரம்பு வேர்கள் சேர்ந்து உண்டாகும் நரம்பு அது. மடிப்பைத் தாண்டியதும் கை விரல்கள் பிரிவது போலப் பல கிளைகளாகப் பிரிந்துவிடுகிறது. அதில் பல தொடையின் முன்பக்கத் தசைக்கு, அதாவது குவாட்ரிசெப்ஸுக்குப் போகின்றன. முழங்காலை நீட்டுவதும், நீட்டிய முழங்காலை மடங்காமல் பிடித்து வைப்பதும் அந்தத் தசையின் வேலை. நரம்பைத் தேடி மின்சாரம் கொடுக்கும்போது முட்டிச் சில்லு துள்ளினால், ஊசி முனை சரியான நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். சில்லைத் துள்ளவைப்பது அந்தத் தசைதான். ஆக, எந்த நரம்பு அம்மாவின் முழங்காலைத் தாங்குகிறதோ அதே நரம்பைத் தேடிக் கண்டுபிடித்துத் தூங்கவைத்திருக்கிறார்கள். முட்டிச் சில்லு அன்றைக்கே எங்களிடம் சொல்லியிருக்கிறது.

"அப்படின்னா விரல் எப்படி டாக்டர் அசைஞ்சது?" என்றேன்.

முழங்காலுக்குக் கீழே இருக்கும் எல்லாத் தசைகளும் சயாட்டிக் நரம்பின் கையில் இருக்கின்றன. அது புட்டத்தின் வழியாகத் தொடையின் பின்பக்கம் இறங்கி, முழங்காலுக்குப் பின்னால் இரண்டாகப் பிரிந்து பாதம் வரை போகிறது. இடுப்பு மடிப்பில் போட்ட ஊசி அதைத் தொடுவதே இல்லை. விரலும் பாதமும் அசைந்தால் முதுகு ஊசி விட்டுவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். தொடையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அன்றிரவு நர்ஸ் கேட்ட இரண்டு கேள்விக்கும் அம்மா சரியான பதிலைத்தான் சொன்னாள். மூன்றாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை.

நின்றபோது மடங்காத கால் நடக்கும்போது ஏன் மடங்கியது என்பதையும் அவர் சொன்னார். இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். முழங்காலை நன்றாக நீட்டி விறைப்பாக நில்லுங்கள். தொடை மேல் கை வைத்துப் பாருங்கள், தசை தளர்ந்திருக்கும். உடம்பின் எடை முழங்காலுக்குக் கொஞ்சம் முன்னால் இறங்குவதால் மூட்டு தன்னையே பூட்டிக்கொள்கிறது. இப்போது முழங்காலைக் கொஞ்சம், ஒரே ஒரு விரற்கடை, மடக்குங்கள். தொடை கல் மாதிரி இறுகும். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் குதிகால் தரையில் பட்டதும் முழங்கால் அப்படிக் கொஞ்சம் மடங்கித்தான் எடையை வாங்குகிறது. அந்த இறுக்கம் வராத கால், அடி எடுத்து வைத்ததும் சரிந்துவிடும். புதிதாக மூட்டு மாற்றிய கால் பெரும்பாலும் முழுதாக நீளவும் செய்யாது, வீக்கம் விடாது. அதனால் அந்தப் பூட்டும் விழாது. அம்மா நின்றது வலது காலின் தயவில். அதைத் தூக்கியதும் எல்லா எடையும் தூங்கிக்கொண்டிருந்த காலுக்கு வந்தது.

இரண்டாவது முறை ஊசியை வேறு இடத்தில் போடப்போவதாக டாக்டர் சொன்னார். தொடையின் நடுவில், உள்பக்கம். சார்டோரியஸ் என்று ஒரு நீளமான தசை தொடையின் குறுக்கே சரிந்து இறங்குகிறது. லத்தீனில் தையல்காரர் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். அந்தக் காலத் தையல்காரர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து தைப்பார்களாம், அந்த உட்காரலுக்கு உதவும் தசை. அதற்கு அடியில் ஒரு குறுகலான பாதை, அடக்டர் கெனால். 1785இல் லண்டனில் ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் முழங்காலுக்குப் பின்னால் புடைத்திருந்த ரத்தக்குழாயைச் சரிசெய்ய அந்தப் பாதையில்தான் குழாயைக் கட்டினார். அதனால் ஹன்டர் கெனால் என்றும் பெயர். ஃபெமரல் நரம்பு தொடைத் தசைக்குப் போகவேண்டிய கிளைகளில் பெரும்பாலானவற்றை மேலேயே பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் உணர்வு நரம்பை இந்தப் பாதை வழியாகத்தான் முழங்காலுக்கு அனுப்புகிறது.

அம்மா இதுவரை ஒரு வார்த்தை பேசாமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்தது பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையோரக் கிராமத்தில். தாத்தா முறைத்தண்ணீருக்காக ராத்திரியெல்லாம் மதகுப் பக்கம் காவல் இருந்தவர். அம்மா விரலைப் படத்தின் மேல் வைத்தாள். "கெனால்னா கால்வாய்தானே? அப்ப போன தடவை தலைமதகை அடைச்சுட்டாங்க. மொத்தப் பாசனமும் நின்னு போச்சு. இந்தத் தடவை கடைமடையில அடைக்கப் போறீங்க. மேல இருக்கிற வயலுக்குத் தண்ணி பாயும், கடைசி வயலுக்கு மட்டும் நிக்கும். அதானே?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "நான் இவ்வளவு வருஷம் இதை இப்படிச் சொன்னதே இல்லம்மா" என்றார். அப்புறம் ஒன்று சேர்த்துக்கொண்டார். கடைமடையில் அடைத்தாலும் தண்ணீர் அளவுக்கு மீறினால் எதிர்த்து ஏறும் இல்லையா, அதே போல மருந்து அதிகமாகப் போனாலோ ஊசி கொஞ்சம் மேலே விழுந்தாலோ மருந்து மேல்நோக்கிப் பரவித் தலைமதகையும் தொட்டுவிடலாம். தொடையின் உள்பக்கத் தசைக்குப் போகும் ஒரு கிளையும் அந்தப் பாதையிலேயே கூட வருவதால், அந்தத் துண்டு கொஞ்சம் பலம் இழக்கவும் செய்யும். "அதனால எந்த பிளாக், அதாவது நரம்பை மரத்துப்போகவைக்கிற ஊசி, போட்டாலும் சோதிக்காம நிக்கவிட மாட்டோம்" என்றார்.

இந்த இரண்டு இடத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நான் பிறகு தேடிப் படித்தேன். டென்மார்க்கில் ஆரோக்கியமான இளைஞர்களுக்கு இரண்டு ஊசியையும் மாற்றி மாற்றிப் போட்டு அளந்து 2013இல் வெளியிட்டிருக்கிறார்கள். இடுப்பு மடிப்பில் போட்டபோது தொடை முன்தசையின் பலம் சராசரியாக 49 சதவீதம் குறைந்தது. கால்வாயில் போட்டபோது 8 சதவீதம். அந்த 49ஐப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் இளைஞர்கள். பாதி போனாலும் மீதிப் பாதி அவர்களைத் தாங்கும். வருடக்கணக்காக மூட்டு தேய்ந்து, வலிக்குப் பயந்து காலையே உபயோகிக்காமல் தொடை சூம்பிப்போன 67 வயது அம்மாவுக்குப் பாதி போனால் என்ன மிஞ்சும்?

இன்னொரு ஆய்வு 2010இல் அமெரிக்காவில் வந்தது. முழங்கால், இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்குக் குழாய் வைத்து, சிலருக்கு மரத்துப்போகும் மருந்தும் சிலருக்கு வெறும் சலைனும் கொடுத்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்திருந்தார்கள். சலைன் போன 86 பேரில் ஒருவரும் விழவில்லை. மருந்து போன 85 பேரில் 6 பேர் விழுந்திருந்தார்கள். ஆனால் 2014இல் அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பதிவுகளை மிகப் பெரிய அளவில் எடுத்துப் பார்த்தபோது, பிளாக் போட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகம் விழுந்ததாகத் தெரியவில்லை. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, என் கண்ணால் பார்த்ததை இல்லை என்கிறார்களே என்று. யோசித்தபோது புரிந்தது. விழுவதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. மூட்டு மாற்றியவருக்கு ரத்தம் குறைந்திருக்கும், எழுந்ததும் பிரஷர் இறங்கும், வலி மாத்திரையில் தலை சுற்றும். பிளாக் போட்ட இடத்தில் எல்லோரும் உஷாராக இருந்தால் பிளாக்கினால் வரும் ஆபத்தைக் கட்டுப்படுத்தவும் முடியும். எங்களுக்கு அந்த உஷார்தான் இல்லாமல் போனது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் "எங்கம்மாவுக்கு நரம்பு ஊசி வேண்டாம்" என்று சொல்லிவிடக் கூடாது. முழங்கால் மாற்றும் அறுவையின் வலி சாதாரணமானதில்லை. எலும்பை அறுத்துத்தான் மூட்டைப் பொருத்துகிறார்கள். ஊசி இல்லாவிட்டால் மார்ஃபின் போன்ற மருந்துகள் அதிகம் தேவைப்படும். வயதானவர்களுக்கு அதில் வாந்தி, மலச்சிக்கல், சில நேரம் புத்தி தடுமாற்றம். வலியே கூடத் தசையை வேலை செய்யவிடாது. முதல் ராத்திரி அம்மா நிம்மதியாகத் தூங்கியது அந்த ஊசியால்தான், அதை நான் மறுக்கவே மாட்டேன். ஊசி விட்டுப்போனதும் பலம் முழுசாக வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மூட்டில் வீக்கம் இருக்கும் வரை தண்டுவடமே அந்தத் தசையைப் பாதி அணைத்து வைக்கிறது. ஊசியே போடாதவர்களுக்கும் அறுவைக்கு ஒரு மாதம் கழித்துத் தொடை முன்தசையின் பலம் பாதிக்கும் கீழேதான் இருக்கும். அதற்குத்தான் அத்தனை வாரம் பிசியோதெரபி.

மருந்து செய்வது என்ன? நரம்பு நாரில் சோடியம் நுழையும் வாசல்களை மூடிவிடுகிறது. வாசல் மூடினால் செய்தி நகராது. வலி சொல்லும் நார், தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நார், எல்லாம் ஒரே கட்டில்தான் போகின்றன. மெல்லிய நார்கள் சீக்கிரம் அடங்கும், பருத்தவை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதனால் ரோபிவகெயின் போன்ற மருந்தை நீர்த்த அளவில், 0.2 சதவீதம் என்ற கணக்கில் கொடுத்துத் தசையைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். ஓரளவுக்குத்தான் முடிகிறது. ஒரே ஊசியாகப் போட்டால் அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை இருக்கும். குழாய் வைத்தால் மருந்து போகும் வரை இருக்கும். அம்மா விழுந்தபோது அந்தப் பந்துப் பாட்டிலில் மருந்து இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கட்டில் இன்னொரு வகை நாரும் போகிறது. கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நார். விழுந்த அன்று மத்தியானம் அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அது என் கால் மாதிரியே இல்லடி. பக்கத்துல யாரோ படுத்திருக்காங்க, அவங்க கால் மாதிரி இருக்கு." நாம் விழாமல் நிற்பதற்குக் கண், உள்காது, தசையும் மூட்டும் அனுப்பும் சேதி என்று மூன்று துணைகள். மூன்றில் ஒன்று போனால் மற்ற இரண்டும் தாங்கும். ராத்திரி விளக்கில்லாத அறையில் கண்ணும் போய்விடுகிறது. அன்றைக்கு அறையில் எரிந்தது பாத்ரூம் கதவின் கீழே தெரிந்த ஒரு கீற்று வெளிச்சம் மட்டும்தான்.

சயாட்டிக் நரம்பிலும் பிளாக் போடுவார்கள். முழங்காலின் பின்பக்க வலிக்கு, பாத அறுவைகளுக்கு. அதில் தொடை முன்தசைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் பாதம் தொங்கிவிடும். நாம் நிற்கும்போது கணுக்கால் ஓயாமல் முன்னும் பின்னும் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்கிறது. அது நின்றுபோனால் நிற்பதே கஷ்டம், நடந்தால் விரல் தரையில் இடறும். முழங்கால் மாற்றும்போது முட்டிக்கு வெளிப்பக்கம் எலும்பைச் சுற்றிப்போகும் நரம்பு ஒன்று எப்போதாவது இழுபட்டுப்போவதுண்டு. அப்போதும் பாதம் தொங்கும். பிளாக்கினால் தொங்குகிறதா, நரம்பு அடிபட்டுத் தொங்குகிறதா என்று தெரியாமல் போகும் என்பதால் பல டாக்டர்கள் இந்த அறுவைக்கு சயாட்டிக் பிளாக்கைத் தவிர்க்கிறார்கள்.

சரி, இரண்டாவது அறுவைக்கு வருகிறேன். ஊசி போட்டபோது இந்தத் தடவை கரண்ட் இல்லை, அல்ட்ராசவுண்ட் திரை இருந்தது. கறுப்பாக ஒரு வட்டம் துடிப்பதைப் பார்த்ததாக அம்மா சொன்னாள். மதியம் இரண்டு மணிக்கு வார்டுக்கு வந்தாள். கட்டிலுக்கு மேலே ஒரு வெள்ளைப் பலகையில், எந்தக் காலில், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு பிளாக் போட்டது என்று எழுதியிருந்தார்கள். அடியில் ஹிந்தியிலும் மராத்தியிலும் ஒரு வரி, தனியாக எழுந்திருக்கக் கூடாது என்று. வார்டில் வேலை செய்யும் மாவ்ஷி, அறைக்குள் வரும்போதெல்லாம் அந்த வரியை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுப் போனார். ஒரு பலகை, ஒரு மார்க்கர் பேனா. இவ்வளவுதான் செலவு.

சாயந்திரம் ஏழு மணிக்கு பிசியோதெரபிஸ்ட் பையன் வந்தான். "தர்த் ஹை க்யா?" என்று கேட்டுவிட்டு, உள்ளங்கையை அம்மாவின் வலது முழங்காலுக்கு அடியில் நுழைத்தான். "என் கையை நசுக்குங்க" என்றான். அம்மா பல்லைக் கடித்து அழுத்தினாள். தொடையில் சட்டியின் மேல் துணி இழுத்துக் கட்டியது போலச் சதை இறுகுவதை நான் பார்த்தேன். அப்புறம் காலை நீட்டியபடியே தூக்கச் சொன்னான். நாலு விரல் உயரம் தூக்கினாள். கால் நடுங்கியது. அவன் குனிந்து பக்கவாட்டில் பார்த்தான். தொடை மேலே போய் முழங்காலுக்குக் கீழே மட்டும் தொங்குகிறதா என்று பார்ப்பதாகச் சொன்னான். தொடையைத் தூக்கும் வேலையை இடுப்புத் தசையும் செய்துவிடும், அதனால் கால் கட்டிலைவிட்டு எழும்பினால் மட்டும் போதாது, முழங்கால் நேராகவே நிற்க வேண்டும். நின்றது. பிறகு கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, தொங்கும் காலை நீட்டி ஐந்து எண்ணும் வரை பிடிக்கச் சொன்னான். மூன்றில் விழுந்தது. கொஞ்சம் இளைப்பாறவிட்டு மறுபடி. இந்தத் தடவை ஐந்து.

அதற்கப்புறம்தான் எழுப்பினான். இடுப்பில் அகலமான ஒரு பெல்ட்டைக் கட்டி, அறுவை செய்த பக்கம் நின்றுகொண்டு பெல்ட்டைப் பிடித்தான். உடனே நடக்கவிடவில்லை. நின்ற இடத்திலேயே எடையை இடம் வலமாக மாற்றச் சொன்னான். வலது முழங்கால் எடை வாங்கும்போது அவன் கண் அந்த முட்டியைவிட்டு நகரவே இல்லை. அம்மா பக்கத்து மேஜையில் வைத்திருந்த முருகன் படத்தைப் பார்த்துக் கண்ணை மூடினாள். அவளுக்கு அது அனிச்சையாக வருவது. உடனே உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "ஆன்ட்டி, கண்ணைத் திறந்தே கும்பிடுங்க" என்றான் அவன், பெல்ட்டை இறுக்கிக்கொண்டே. அன்று அம்மா கதவு வரை போய்த் திரும்பி வந்தாள்.

வலி இந்தத் தடவை அதிகம்தான். கால்வாயில் போட்ட ஊசி முழங்காலின் பின்பக்க வலியைத் தொடாது, அங்கே வேறு நரம்புகளின் கிளைகள் இருக்கின்றன. அறுவை செய்யும்போதே மூட்டைச் சுற்றி மருந்து செலுத்தியிருந்தார்கள், அப்படியும் ராத்திரி பத்துக்கு ஐந்து என்றாள். மாத்திரை கொடுத்தார்கள். காலை ஆறு மணிக்கு மறுபடி அந்த மூன்று சோதனையும் செய்துவிட்டுத்தான் பாத்ரூமுக்கு அழைத்துப் போனார்கள். இரண்டு அறுவைக்கும் இருந்த வித்தியாசம் முழுவதும் ஊசியால் வந்தது என்று சொல்ல மாட்டேன். டாக்டர் வேறு, ஆஸ்பத்திரி வேறு, அம்மாவும் ஒரு தடவை பட்டவள். ஆனால் காலைக் கேட்காமல் நிற்கவிடக் கூடாது என்ற ஒரே ஒரு பழக்கம் முதல் தடவையே இருந்திருந்தால் அந்த மூன்று தையல் பிரிந்திருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிளாக் விடும் வரை தொடை இறுகாதவர்களுக்கு முழங்காலை மடங்கவிடாத நீளமான பிரேஸ் ஒன்று இருக்கிறது, அதைக் கட்டி நடக்கவைக்கலாம். இல்லாவிட்டால் அன்று ராத்திரி பெட் பேன்தான். பெட் பேன் வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். அந்த ஒரு ராத்திரி மட்டும் அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

சேடா நகர் முருகன் கோயிலின் 108 படியையும் அம்மா இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள். கிருத்திகைக்குக் கிருத்திகை.

போன வாரம் நான் சமையலறையில் இருந்தேன். அம்மா ஹாலில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். மாட்டுங்கா சித்தியின் சம்பந்தி அம்மாவுக்கு அடுத்த மாதம் முழங்கால் அறுவையாம். எந்த டாக்டர், எவ்வளவு ஆகும் என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டிருப்பார்கள் போல. "அதெல்லாம் அப்புறம் சொல்றேன்" என்றாள் அம்மா. "முதல்ல ஊசி எங்க போடப் போறாங்கன்னு கேளுங்க. இங்கயா, இங்கயான்னு கேளுங்க." எட்டிப் பார்த்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையை இடுப்பு மடிப்பிலும் இன்னொரு கையைத் தொடை நடுவிலும் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.